மேடை மறுக்கப்பட்ட பரப்புரையாளர்: 1864 அமெரிக்கத் தேர்தலில் பிரெடரிக் டக்ளஸ்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நான்காம் ஆண்டில், 1864 நவம்பர் 8 அன்று, குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. அடிமையாகப் பிறந்து எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், அத்தேர்தலில் ஆபிரகாம் லிங்கனுக்கு மாற்றாக ஒருவரை முதலில் நாடினார். பின்னர் லிங்கனையே ஆதரித்தார். இம்மாற்றம் தலைவர் ஒருவர்மீது கொண்ட பற்றால் விளைந்ததன்று; போர்க்கள நிலையையும் எதிரணியின் கொள்கையையும் எடைபோட்டு எடுத்த முடிவாகும். அவரது ஆதரவை ஏற்ற கட்சியோ அவருக்கு மேடை தரவில்லை. இவ்விரண்டையும் அவரது வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிரெடரிக் டக்ளஸ், ஆபிரகாம் லிங்கன், போர்க்காலத் தேர்தல், பரப்புரை, வாக்குரிமை, சிராகியூஸ் மாநாடு.

முன்னுரை

உள்நாட்டுப் போர் நடக்கும்போதே ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பை நடத்துவது அரிய நிகழ்வு. லிங்கனின் அரசு அத்தேர்தலை ஒத்திவைக்கவில்லை. வேட்பாளர் தாமே ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்பது அக்கால அமெரிக்க வழக்கிற்கு ஒவ்வாதது. ஆகவே பரப்புரை முழுவதும் பிறர் வாயிலாகவே நிகழ்ந்தது. கட்சிச் செய்தித்தாள்கள், சிறு வெளியீடுகள், தீவட்டி ஊர்வலங்கள், மேடைப் பேச்சாளர்கள் ஆகியனவே வேட்பாளரின் குரலாயின. நல்ல பேச்சாளர் ஒருவர் ஒரு படைப்பிரிவுக்கு ஒப்பாக மதிக்கப்பட்ட காலம் அது.

அந்நாட்டின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவர் டக்ளஸ். எனினும் தேர்தல் சூடேறிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குடியரசுக் கட்சியின் மேடைகளில் அவர் காணப்படவில்லை. இதனைப் புரிந்துகொள்ள, அவர் லிங்கனை எவ்வழியாக வந்தடைந்தார் என்பதை முதலில் அறிய வேண்டும். இதில் சான்றுகள் பற்றிய ஓர் எச்சரிக்கையும் தேவை. டக்ளஸ் எழுதிய தன்வரலாறுகள் மூன்று. 1881-இல் வெளிவந்த மூன்றாவது நூலில் லிங்கனின் உருவம் கனிவோடு தீட்டப்பட்டுள்ளது. 1864-ஆம் ஆண்டுக் கடிதங்களில் காணும் கசப்பு அதில் பெரிதும் தணிந்துவிட்டது. கட்சி உறுதியாகவும் அரசுப் பதவியோடும் வாழ்ந்த முதுமைக்கால நினைவைவிட, போரின் நடுவே எழுதப்பட்ட கடிதங்களுக்கே இவ்வாய்வில் முதன்மை தரத்தக்கது.

லிங்கனை அடைந்த வழி

டக்ளஸ் 1818-இல் மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தார். பால்டிமோரில் சிறுவனாகப் பணி செய்த வீட்டின் தலைவி சோபியா ஆல்ட் அவருக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார், கணவர் தடுத்தார். எஞ்சியதை அவர் தெருச் சிறுவர்களிடமும் பழைய நூல்களிடமும் கற்றார். 1838 செப்டம்பர் 3 அன்று, கடலோடியின் உடையில், இரவல் சான்றிதழோடு தப்பி வடக்கே சென்றார். அவருக்குத் துணைநின்ற அன்னா மர்ரே என்னும் பெண்ணே பின்னர் அவர்தம் மனைவியானார். 1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசினார். 1845-இல் முதல் தன்வரலாறு வெளிவந்தது. 1847-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் குடியேறிச் சொந்தமாக இதழ் நடத்தினார்.

வாக்குச்சீட்டின் மதிப்பை அவர் மெல்ல மெல்லவே ஏற்றார். அவரை மேடைக்குக் கொண்டுவந்த வில்லியம் லாயிட் காரிசன், அரசியலமைப்பே அடிமை முறையோடு உடன்பட்டது என்று கருதித் தேர்தல் அரசியலை ஒதுக்கியவர். 1851-இல் டக்ளஸ் இக்கருத்தினின்று வெளிப்படையாகப் பிரிந்தார். அரசியலமைப்பை அடிமை ஒழிப்புக்குரிய கருவியாகப் படிக்கலாம் என்றும், வாக்கு அதன் கைப்பிடி என்றும் அவர் கொண்டார். அன்று முதல், கொள்கைத் தூய்மையுடைய சிறு கட்சிக்கு வாக்களிப்பதா, வெல்லக்கூடிய குறையுள்ள கட்சிக்கு வாக்களிப்பதா என்னும் வினா ஒவ்வொரு தேர்தலிலும் அவரை எதிர்கொண்டது.

1860-இல் அவர் தொடக்கத்தில் லிங்கனை நயந்து எழுதினார். இறுதியில் தீவிர அடிமை ஒழிப்பாளரான ஜெரிட் ஸ்மித்தை ஆதரித்தார். அவ்வாண்டு அவர் பெரிதும் உழைத்தது வேறொன்றிற்காக. நியூயார்க் மாநிலத்தில் கறுப்பின ஆண்கள் வாக்களிக்க 250 டாலர் சொத்து இருக்க வேண்டும். வெள்ளையருக்கு அத்தடை இல்லை. அதனை நீக்கும் முன்மொழிவு தேர்தலோடு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அதே மாநிலம் லிங்கனை வெல்லச் செய்து, அம்முன்மொழிவைத் தோற்கடித்தது. குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கும் வாக்களிப்பார்கள் என்று எண்ணுவதற்கில்லை என்பதை டக்ளஸ் அப்போதே அறிந்தார்.

போர் 1861 ஏப்ரலில் மூண்டது. அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே லிங்கன்மீது அவருக்கு மனக்குறை ஏற்பட்டது. மிசௌரியில் படைத்தலைவர் ஜான் பிரீமாண்ட், கிளர்ச்சியாளரின் அடிமைகளை விடுதலை செய்து ஆணையிட்டார். லிங்கன் அதனை மாற்றினார். 1862 ஆகஸ்டில் கறுப்பினப் பேராளர்களை அழைத்து, நாட்டைவிட்டு வெளியேறிக் குடியேறுவதைப் பற்றிச் சிந்திக்கும்படி லிங்கன் கூறியபோது டக்ளஸின் எழுதுகோல் கடுமையாயிற்று. 1863 சனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த இரவில் அவர் பாஸ்டனில், தந்திச் செய்தியை எதிர்நோக்கிய கூட்டத்தோடு காத்திருந்தார். அதன்பின் போர் அவருக்கும் உரிய போராயிற்று. மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவுக்கு ஆள் சேர்த்தார். தம் மக்கள் லூயிஸ், சார்லஸ் இருவரையும் அதில் சேர்த்தார். 1863 சூலை 18 அன்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில் அப்படைப்பிரிவு பேரிழப்பை அடைந்தது. லூயிஸ் அதில் பொருது உயிர் தப்பினார்.

ஆள் சேர்த்தவர் கணக்குக் கேட்கவும் கடமைப்பட்டவர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரருக்கு 10 டாலர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். சிறைப்பட்ட கறுப்பின வீரரைத் தென்னகத்தார் கொல்வதும் அடிமையாக விற்பதும் நேர்ந்தன. இக்குறைகளை எடுத்துரைக்கவே 1863 ஆகஸ்ட் 10 அன்று டக்ளஸ் முதன்முறையாக லிங்கனைச் சந்தித்தார். லிங்கன் பொறுமையாகக் கேட்டார். ஊதியச் சமன்மை காலப்போக்கில் வரும் என்றார். அன்றே போர்ச் செயலர் ஸ்டான்டன், டக்ளசுக்குப் படை அலுவலர் பதவி தருவதாக உறுதியளித்தார். அதனை நம்பி டக்ளஸ் தம் திங்களிதழை நிறுத்தினார். பதவி ஆணை வரவேயில்லை. ஓர் இதழாசிரியர் தம் இதழை இழந்தது இச்சிறு செய்தியின் பெரும் விளைவு. 1864-ஆம் ஆண்டுத் தேர்தலில் டக்ளசுக்குச் சொந்த ஏடு இல்லை. பிறர் ஏடுகளிலும் கடிதங்களிலுமே அவர் பேச வேண்டியிருந்தது.

பிரீமாண்டின் பக்கம்

1864 வேனிலில் டக்ளஸ் லிங்கனின் ஆதரவாளர் அல்லர். லூசியானாவில் லிங்கன் தொடங்கிய மறுசீரமைப்பு கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வழங்கவில்லை. ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்பின வீரர்கள் கொல்லப்பட்டபோதும், முன்பு அறிவிக்கப்பட்ட பதிலடி ஆணை செயல்படவில்லை. போருக்கு வேண்டப்படும் மக்கள், போர் முடிந்தபின் மீண்டும் பழைய எசமானர்களின் கையில் ஒப்படைக்கப்படுவார்களோ என்னும் அச்சம் அவரை வாட்டியது.

மே 31 அன்று கிளீவ்லாந்தில் கூடிய தீவிரப் பிரிவினர் பிரீமாண்டை வேட்பாளராக்கினர். அடிமை முறையைத் தடை செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தையும், சட்டத்தின்முன் முழுச் சமன்மையையும் அவர்கள் கோரினர். அம்மாநாட்டுக்கான அழைப்பை டக்ளஸ் ஆதரித்தார். அடுத்த வாரம் பால்டிமோரில் குடியரசுக் கட்சியினர், தேசிய ஒன்றியக் கட்சி என்னும் போர்க்காலப் பெயரில் கூடி லிங்கனை மீண்டும் நிறுத்தினர். அவர்களும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றனர். சமன்மையைப் பற்றிப் பேசவில்லை. இவ்விடைவெளிதான் டக்ளஸின் தயக்கத்திற்கு அடிப்படை. அவரது நிலைப்பாட்டை வெறும் சினமாகக் கொள்வது பொருந்தாது.

1864 ஆகஸ்ட்

அவ்வாண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நிலை மிகத் தாழ்ந்தது. கிராண்டின் படை வர்சீனியாவில் பல்லாயிரம் பேரை இழந்து பீட்டர்ஸ்பர்க் முன் நின்றுவிட்டது. ஷெர்மன் அட்லாண்டாவின் புறத்தே காத்திருந்தார். சூலையில் லிங்கன் வெளியிட்ட கடிதம் ஒன்று, அமைதிப் பேச்சுக்கு ஒன்றியத்தின் மீட்சியும் அடிமை ஒழிப்பும் முன்தேவை என்று அறிவித்திருந்தது. அடிமைகளுக்காகவே போர் நீள்கிறது என்று எதிர்க்கட்சியினர் அக்கடிதத்தை ஊரெங்கும் காட்டினர். லிங்கனின் கட்சியினரே அவர் தோற்பார் என்று கருதினர். ஆகஸ்ட் 23 அன்று லிங்கன் தம் தோல்வியை எதிர்நோக்கிய குறிப்பு ஒன்றை எழுதி, மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலேயே அமைச்சர்களிடம் கையொப்பம் பெற்றுவைத்தார்.

அதற்கு நான்கு நாள் முன்னர், ஆகஸ்ட் 19 அன்று, லிங்கனின் அழைப்பின்பேரில் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். இச்சந்திப்பில் இரண்டு செய்திகள் பேசப்பட்டன. முதலாவது, லிங்கன் எழுதி வைத்திருந்த ஒரு கடித வரைவு. விஸ்கான்சினைச் சேர்ந்த, போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சி இதழாசிரியர் ஒருவருக்கு உரியது அது. அடிமை ஒழிப்பைத் தவிர்த்த அமைதிக்கும் தாம் இணங்கக்கூடும் என்று பொருள்படும்படி அதில் எழுதியிருந்தார். அதனை அனுப்பலாமா என்று டக்ளஸிடம் கேட்டார். அனுப்பக்கூடாது என்றார் டக்ளஸ். லிங்கன் கருதியதைவிட மிகுதியான பொருளில் நாடு அதனைப் படிக்கும். அடிமை ஒழிப்பையே கைவிட்டதாக அது கொள்ளப்படும் என்று காரணமும் கூறினார். அக்கடிதம் அனுப்பப்படவில்லை. டக்ளஸின் சொல் மட்டுமே அதற்குக் காரணம் என்று துணிய இயலாது. ஆயினும் அவர் கூறியபடியே நடந்தது.

இரண்டாவது செய்தி பெரிது. தேர்தலில் தோற்றால் விடுதலைப் பிரகடனத்தின் கதி என்னவாகும் என்று லிங்கன் கவலையுற்றார். தென்னகத்தில் இன்னும் அடிமைகளாக இருந்தோருக்கு அப்பிரகடனத்தின் செய்தியைச் சேர்ப்பித்து, இயன்ற அளவு பெருந்தொகையினரைத் தேர்தலுக்கு முன் ஒன்றியப் படையின் எல்லைக்குள் கொண்டுவரத் திட்டமொன்று வகுக்கும்படி அவர் டக்ளஸைக் கேட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் ஜான் பிரௌன் அடிமைகளைப் படையாகத் திரட்டத் துணிந்தபோது, அதில் சேர மறுத்தும்கூட டக்ளஸ் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. இப்போது அதனையொத்த பணியை நாட்டின் தலைவரே அவரிடம் ஒப்படைத்தார். பேச்சின் இடையே கனெக்டிகட் ஆளுநர் வந்து வெளியே காத்திருந்தார். டக்ளஸ் எழுந்தும் லிங்கன் விடவில்லை. ஆளுநரைக் காத்திருக்கச் சொன்னார். இதனை டக்ளஸ் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 29 அன்று டக்ளஸ் திட்டத்தை எழுதி அனுப்பினார். தலைமை முகவர் ஒருவர், அவர் தெரிந்தெடுக்கும் துணை முகவர்கள், அவர்களுக்குப் படைத்தலைவர்கள் தரவேண்டிய ஒத்துழைப்பு என அது நடைமுறை நுணுக்கத்தோடு அமைந்தது. அதே நாளில் லிங்கனுக்கு மற்றொரு வேண்டுகோளும் சென்றது: நோயுற்றிருந்த மகன் சார்லஸைப் படையிலிருந்து விடுவிக்கும்படி தந்தை கேட்டார். லிங்கன் இசைந்தார். நாட்டுக் காரியமும் வீட்டுக் கவலையும் ஒரே நாளில் எழுதப்பட்டதைப் போர்க்கால வாழ்வின் இயல்பாகவே கொள்ளலாம். இவ்வுதவிக்குக் கைம்மாறாக அவரது ஆதரவு பிறந்தது என்று கூற இடமில்லை. அதன்பின் வந்த அவரது எழுத்துகளிலும் குறைகூறல் நிற்கவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து என்றொரு வகையைக் கூறும். கேட்கும்போது கசந்து, பின்னர்ப் பயன்தரும் சொல்லால் அமைவது அது. அமெரிக்கப் பேச்சாளர் ஒருவரைத் தமிழிலக்கண வரம்புக்குள் அடைப்பது இங்கு நோக்கமன்று. ஆயினும் ஆட்சியாளனோடு உறவாடும் சொல்லில், புகழ்வதற்கும் இகழ்வதற்கும் நடுவே மற்றொரு நிலை உண்டு என்பதை நம் மரபு நன்கறியும். 1864-இல் டக்ளஸ் நின்றது அந்நிலையில்தான். வேறுபாடு ஒன்றுண்டு. சங்கப் புலவர் பரிசில் வேண்டி நின்ற அவையில், டக்ளஸ் உரிமை வேண்டி நின்றார்.

சிகாகோவும் அட்லாண்டாவும்

ஆகஸ்ட் இறுதியில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, முன்னாள் படைத்தலைவர் ஜார்ஜ் மெக்கிளெல்லனை நிறுத்தியது. அதன் கொள்கை அறிக்கை போரைத் தோல்வியெனச் சாற்றி, படை நிறுத்தம் கோரியது. வேட்பாளர் அவ்வறிக்கையிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டார், கட்சி விலகவில்லை. செப்டம்பர் 2 அன்று அட்லாண்டா ஷெர்மனின் படையிடம் வீழ்ந்தது. ஒரு வாரத்தில் தேர்தலின் போக்கே மாறியது. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பிரீமாண்ட் போட்டியிலிருந்து விலகினார்.

டக்ளஸ் அதற்குச் சில நாள் முன்பே முடிவெடுத்துவிட்டார். வேனிலில் லிங்கனைக் கண்டித்து அவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதமொன்று, காரிசனின் இதழில் காலந்தாழ்ந்து வெளிவந்தது. அதனால் எழுந்த குழப்பத்தை நீக்கச் செப்டம்பர் 17 அன்று காரிசனுக்கு எழுதினார். அடிமை முறையை இன்னும் உறுதியாக எதிர்க்கும் ஒருவர் வெல்லக்கூடும் என்ற நம்பிக்கை இருந்தவரை தாம் லிங்கனை ஆதரிக்கவில்லை என்பதையும், சிகாகோ மாநாட்டுக்குப்பின் வேறு வழி இல்லை என்பதையும் அதில் மறைவின்றித் தெரிவித்தார். ஆதரவை அறிவிக்கும் கடிதத்தில் முன்னைய எதிர்ப்பை மறுக்காதது கருதத்தக்கது. தேர்தல் காலத்தில் இத்தகைய ஆதரவைக் கட்சிகள் விரும்புவதில்லை.

சிராகியூஸ்

கட்சி அவரை மேடைக்கு அழைக்காததற்கு இது மட்டும் காரணமன்று. ஜனநாயகக் கட்சியின் பரப்புரை இன அச்சத்தையே பெரிதும் நம்பியிருந்தது. 1863 இறுதியில், இனக்கலப்பை வரவேற்கும் சிறுநூல் ஒன்று அடிமை ஒழிப்பாளர் எழுதியதுபோல வெளியாயிற்று. உண்மையில் அது நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி நாளிதழைச் சேர்ந்த இருவர் புனைந்தது. குடியரசுக் கட்சி கறுப்பினத்தாரின் கட்சி என்னும் பழிக்கு அஞ்சிய தேர்தல் குழுக்கள், டக்ளஸ் தம் மேடையில் தோன்றினால் வாக்குக் குறையும் என்று கணக்கிட்டன. அக்டோபர் நடுவில் நண்பர் தியோடர் டில்டனுக்கு எழுதிய கடிதத்தில் டக்ளஸ் இக்காரணத்தைத் தெளிவாகக் குறித்தார். தம் பேச்சு லிங்கனுக்கு நன்மையினும் தீமையே செய்யும் என்று கட்சியினர் எண்ணுவதை அவர் அறிந்திருந்தார். அதற்கு அடங்கி ஒதுங்கினார். அவரைப் படைக்கு ஆள் திரட்ட அழைத்த அதே அரசியல், வாக்குத் திரட்ட அழைக்க அஞ்சியது. இக்கணக்கு சரியானதே என்று வாதிடுவோரும் உளர். நியூயார்க்கில் லிங்கன் பெற்ற முன்னிலை ஏழாயிரம் வாக்குக்கும் குறைவு. ஆனால் வெற்றிக்கு வேண்டியிருந்த அவ்வடக்கம் யார்மீது சுமத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தமக்குரிய மேடையை டக்ளஸ் வேறிடத்தில் கண்டார். அக்டோபர் 4 முதல் 7 வரை சிராகியூஸில் கறுப்பின மக்களின் தேசிய மாநாடு கூடியது. டக்ளஸ் தலைமை ஏற்றார். மாநாட்டுக்கு வந்த மூத்த தலைவர் ஹென்றி ஹைலண்ட் கார்னட் அவ்வூர்த் தெருவிலேயே தாக்கப்பட்டார். லூசியானாவின் கறுப்பினப் படைப்பிரிவு போரில் ஏந்திய கொடி அவையில் தொங்கியது. அப்படையின் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் இங்கிரகாம் பேராளராக வந்திருந்தார். பிரான்சஸ் ஹார்ப்பர் முதலிய பெண்களும் பேசினர். தேசியச் சம உரிமைக் கழகம் அங்கே தோன்றியது. ஜான் மெர்சர் லாங்ஸ்டன் அதன் தலைவரானார்.

மாநாட்டின் சார்பில் நாட்டு மக்களுக்கு விடுத்த வேண்டுகோளை எழுதியவர் டக்ளஸ். 1864 தேர்தலில் அவர் செய்த பரப்புரை இதுவே எனலாம். ஆனால் இதில் ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்கும் குரல் முதன்மை பெறவில்லை. ஜனநாயகக் கட்சியைப் பகையாகவே அது கொண்டது. குடியரசுக் கட்சியையும் அது விட்டுவைக்கவில்லை: போர் முடிந்தால் அடிமை முறைபற்றிய வினாக்களை நீதிமன்றங்களுக்கு விட்டுவிடலாம் என்பதுபோல் பேசிய வெளியுறவுச் செயலர் சீவார்டைக் கண்டித்தது. அதன் நடு வாதம் வாக்குரிமை. வரி கட்டவும் போர்க்களத்தில் சாகவும் குடிமக்களாகக் கொள்ளப்படுவோர், அமைதிக் காலத்தில் அயலாராக ஆக்கப்படுவது முறையன்று என்பது அதன் சாரம். அவையில் இருந்தோருள் பலர் நவம்பரில் வாக்களிக்க இயலாதவர்கள். நியூ இங்கிலாந்தின் சில மாநிலங்களை விட்டால், வடக்கிலும் கறுப்பின ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை இல்லை. வாக்கில்லாத மக்கள், வாக்குள்ள மக்களின் தேர்தலில் தலையிட்ட நிகழ்வு இது.

தேர்தலுக்குப் பின்

லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகளும் மெக்கிளெல்லன் 21-உம் பெற்றனர். படை வீரர்களின் வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் லிங்கனுக்கே கிடைத்தன. தென்னகத்து அடிமைகளைத் தேர்தலுக்கு முன் வெளிக்கொணர டக்ளஸ் வகுத்த திட்டம், அட்லாண்டாவின் வீழ்ச்சியால் தேவையற்றுப் போயிற்று. மேரிலாந்தின் புதிய அரசியலமைப்பு நவம்பர் 1 அன்று அங்கே அடிமை முறையை நீக்கியது; அதற்கான வாக்கெடுப்பில் முன்னிலை 375 வாக்குகளே, அதுவும் படை வீரரின் வாக்கால் கிடைத்தது. அம்மாதம் நடுவில் டக்ளஸ் பால்டிமோர் சென்று பேசினார். 1838-இல் தப்பியோடிய மண்ணில் அவர் விடுதலை பெற்றவராக நின்றது அதுவே முதன்முறை. நெடுங்காலம் பிரிந்திருந்த தமக்கை எலிசா அவரைக் காண வந்தார்.

1865 மார்ச் 4 அன்று லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு நிகழ்ந்தது. மாலை வரவேற்புக்குச் சென்ற டக்ளஸைக் காவலர் வாயிலில் தடுத்தனர். உள்ளே சொல்லியனுப்பிய பின்னரே நுழைய முடிந்தது. லிங்கன் பலர் முன்னிலையில் அவரை நண்பர் என வரவேற்று, தம் உரைபற்றி அவர் கருத்தைக் கேட்டார். ஆறு வாரத்தில் லிங்கன் கொல்லப்பட்டார்.

கறுப்பின ஆண்களின் வாக்குரிமை 1870-இல் பதினைந்தாம் திருத்தமாக வந்தது. அதன்பின் குடியரசுக் கட்சி டக்ளஸை மேடைக்கு மகிழ்ந்து அழைத்தது. அவர் வாயால் கேட்கத்தக்க வாக்குகள் இப்போது இருந்தன. 1872-இல் கிராண்டுக்காக அவர் ஊர் ஊராகப் பேசினார். 1876 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் லிங்கன் சிலைத் திறப்பு விழாவில், கிராண்டும் உச்சநீதிமன்ற நீதிபதிகளும் அமர்ந்திருக்க, லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்று அவர் எடுத்துரைத்தார். அடிமை ஒழிப்பாளரின் பார்வையில் மந்தமானவராகத் தோன்றிய அவர், தம் நாட்டு மக்களின் மனநிலையோடு ஒப்பிட்டால் விரைந்து செயல்பட்டவர் என்றும் அதே உரையில் மதிப்பிட்டார். 1864 செப்டம்பர்க் கடிதத்தில் இருந்த இருமுனை நோக்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் விழா மேடையில் மழுங்காமல் நின்றது.

மிசிசிப்பி 1890-இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, தலைவரியாலும் படிப்பறிவுச் சோதனையாலும் கறுப்பினத்தாரின் வாக்கைப் பறித்தது. 1894 சனவரியில், எழுபத்தைந்தைக் கடந்த டக்ளஸ், வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் இதனையும் தென்னகத்தின் கும்பல் கொலைகளையும் கண்டித்து நெடிய உரை நிகழ்த்தினார். 1895 பிப்ரவரி 20 அன்று பகலில் பெண்ணுரிமை அவை ஒன்றில் அமர்ந்திருந்து வீடு திரும்பியவர், அன்று மாலையே காலமானார்.